முட்டு விளையாட்டு

எங்கள் தெருவில் ஆசிரியைகள் பலர் இருந்தாலும், டீச்சர் என்று சொன்னால் அது வெல்டர் வீட்டு டீச்சரைத்தான் குறிக்கும். கீரை வாங்கினாலும் கீரைக்காரியிடம் நாலு கேள்வி கேட்டு, பதில் சரியாக இருந்தால்தான் பையைத் திறப்பார். அவர் வீட்டுக்காரரையே பெண் பார்க்க வந்த அன்று கேள்வி கேட்டுத்தான் தேர்வு செய்தார் என்று ஒரு பேச்சு உண்டு. வெல்டர் அதை மறுத்ததில்லை. "பாஸ் மார்க்தான் போட்டா" என்பார்.

வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரு முற்றம். முற்றத்தின் ஓரத்தில் வெல்டரின் அக்கா தையல் மெஷின் போட்டிருந்தார். ஒரு பக்கம் இரும்பு அடிக்கிற சத்தம், ஒரு பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம். இரண்டுக்கும் நடுவில் டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துவார். ஒரே மகள் மேற்படிப்புக்கு வெளியூர் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் அது. அவள் போன பிறகு இத்தனை சத்தத்துக்கும் நடுவில் அந்த வீடு வெறிச்சென்றுதான் இருந்தது.

டீச்சர் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளியில் பிராணிகளுக்கென்று ஒரு மூலை உண்டு. அதற்கு முந்தின வருஷம் அங்கே ஒரு முயல் இருந்தது. வெள்ளை முயல், பஞ்சு மாதிரி. அதுதான் அதற்கு எமனாகப் போயிற்று. பார்க்கிற பிள்ளையெல்லாம் தூக்கிக் கொஞ்சியது. ஒருநாள் ஒரு பிள்ளையின் கையிலிருந்து நழுவி விழுந்து முதுகு ஒடிந்து செத்தது. அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அடுத்து என்ன வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் கிளி என்றார்.

"கூண்டுல இருக்கும். யாரும் தொட மாட்டாங்க. வம்பே இல்ல."

"தொடக்கூடாத பிராணிக்கு எதுக்கு மேடம் தீனி? படமா வாங்கி மாட்டிடலாமே" என்றார் நம் டீச்சர்.

"அப்போ முயலே இன்னொண்ணு?"

"தூக்கணும்னு ஆசை வர்ற எதுவும் வேணாம். பிள்ளைங்க தொந்தரவு பண்ணா எந்திரிச்சுப் போயிடணும். அப்படி ஒண்ணு வேணும். ஆடு வாங்கலாம்."

"முட்டித் தொலைச்சா?"

"பாத்து வாங்கி ஒழுங்கா வளர்த்தா முட்டாது மேடம். அதுக்கு நான் பொறுப்பு."

பொறுப்பு என்று சொன்னால் டீச்சர் சும்மா சொல்ல மாட்டார். ஆட்டுக்காரர் வீட்டுக்குப் போய், பட்டிக்குள் ஒரு முக்காலியைப் போட்டுக் குட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கையில் இருந்த அலுமினியத் தட்டைத் தரையில் படாரென்று போட்டார். குட்டிகள் எல்லாம் தெறித்து ஓடின. அவர் திரும்பிப் பார்க்காமல் அப்படியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கறுப்புக் குட்டி வந்து தட்டை முகர்ந்தது. பின்னாலேயே அதோடு பிறந்த பழுப்புக் குட்டி வந்து அவர் கைப்பையை முகர்ந்தது.

"இந்த ரெண்டும்" என்றார்.

"அதோ அந்த வெள்ளைக்குட்டி பாருங்க டீச்சர், நின்ன எடத்துலயே நிக்குது. சாது."

"அது சாது இல்லண்ணே, காது கேக்குதான்னு பாருங்க. பயந்து ஓடணும், ஓடிட்டு என்னன்னு பாக்கத் திரும்பி வரணும். அதுதான் பள்ளிக்கூடத்துக்கு ஆகும்."

இரண்டும் பெட்டைக் குட்டிகள். எந்தப் பிள்ளை வந்தாலும் பையைச் சோதனை போட்டதால் கறுப்புக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார்கள். அதன் பின்னாலேயே அலைந்த பழுப்புக்கு ஏட்டு. வெல்டர் கம்பி வலை வேலி அடித்துக் கொடுத்தார். டீச்சர் விதிகள் போட்டார். காதைப் பிடிக்கக்கூடாது. முதுகில் ஏறக்கூடாது. தழை கொடுத்து முடிந்ததும் வெறுங்கையை விரித்து ஆட்டின் முகத்துக்கு நேரே காட்டி, "தீந்துபோச்சு" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் இருக்கிறது என்று பின்னாலேயே வந்து சட்டையைக் கடிக்கும். பிள்ளைகள் இந்தக் கையைக் காட்டுகிற வேலையை ரொம்ப விரும்பிச் செய்தார்கள்.

பெரிய விடுமுறை வந்தது. விடுமுறையில் பள்ளிப் பிராணிகளை ஆசிரியர்கள் வீட்டுக்கு ஓட்டிப் போவது அங்கே வழக்கம். இரண்டு ஆட்டுக்கு இடம் உள்ள வீடு யாருக்கும் இல்லை. ஏட்டு விளையாட்டு வாத்தியார் வீட்டுக்குப் போனது. இன்ஸ்பெக்டர் வெல்டர் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

வந்த அன்றே கத்த ஆரம்பித்துவிட்டது. கூடப் பிறந்ததைக் காணோமே என்று அதன் கவலை. டீச்சருக்கு விடுமுறையிலும் பயிற்சி வகுப்பு. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். வெல்டருக்கும் வேலை ஓடவில்லை. பற்றவைக்கிற வெளிச்சம் குட்டியின் கண்ணைக் கெடுத்துவிடும் என்று அந்த வேலையையே தள்ளிவைத்துவிட்டு, கம்பி வளைக்கிற வேலை மட்டும் பார்த்தார். அப்படியும் அது கத்தியது. கடைசியில் அவர் முற்றத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, குட்டியின் முன்னால் உள்ளங்கையை நீட்டி, "முட்டு... முட்டு..." என்றார்.

மகள் தவழ்கிற வயதில் அவளோடு விளையாடிய விளையாட்டு அது. அப்பா கையை நீட்டினால் அவள் நெற்றியால் வந்து முட்டுவாள், இவர் மல்லாக்க விழுவார், அவள் கெக்கலி கொட்டிச் சிரிப்பாள். குட்டி முதலில் கையை முகர்ந்தது. இவர் அதன் நெற்றியைப் பிடித்து லேசாகத் தள்ளினார். அது திருப்பித் தள்ளியது. இவர் மல்லாக்க விழுந்தார். அவ்வளவுதான், கத்தலும் நின்றது, வேலையும் நின்றது. பக்கத்துக் கடைக்காரர்கள் டீக் கிளாசோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். நானும் போய்ப் பார்த்துச் சிரித்தவன்தான். அக்கா மட்டும், "டேய், அது ஆடுடா. நாளைக்கு அதுக்குக் கொம்பு முளைக்கும்" என்றார். வெல்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "டீச்சர்கிட்ட சொல்லிடாதக்கா. விதி போட்டுடுவா" என்று மட்டும் சொன்னார்.

விடுமுறை முடிந்து குட்டி பள்ளிக்குப் போன பிறகும், கொக்கி சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று வெல்டர் அடிக்கடி அங்கே போனார். கொக்கிக்கு ஒரு கேடும் இல்லை. வலைக்கு வெளியே நின்று கையைக் காட்டுவார். இன்ஸ்பெக்டர் ஓடி வந்து வலையில் தொம்மென்று முட்டும். அதற்குக் கொம்பும் நன்றாக முளைத்துவிட்டது.

கொம்பு முளைத்த பிறகு பிள்ளைகளும் வலைக்கு வெளியே நின்றுதான் தழை கொடுத்தார்கள். அவர்கள் கையைக் காட்டியபோதும் அது வலையில் முட்டியது. இன்னும் தழை கேட்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மழைக்காலம் வந்து தரை சகதியானதும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை விடுமுறைக்குப் பிறகு முதல்முறையாக வேலிக்குள்ளே விட்டுச் சாணம் கூட்டச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் மகள் கூட்டி முடித்துத் தழை கொடுத்தாள். தழை தீர்ந்ததும் கையை விரித்துக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் நாலு அடி பின்வாங்கி வந்து முட்டியது. பிள்ளை ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டியின் விளிம்பில் விழுந்து தாடை கிழிந்தது.

சாயந்தரம் டீச்சர் வந்து செருப்பைக் கழற்றியபோதே முகம் சரியில்லை. அக்கா டீயையும் ரொட்டியையும் கொண்டுவந்து வைத்தார்.

"தையல் போட்டாங்களாம்மா?"

"போட்டாங்க அண்ணி. பிள்ளை அழவே இல்ல. அவங்க அப்பாதான் குதிக்கிறாரு. சனிக்கிழமை பெத்தவங்க கூட்டம். ஆடு ரெண்டும் போயாகணுமாம். கறிக்கடையில பேசிட்டாராம்."

வெல்டர் வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் இருந்தார்.

"கறிக்கடையிலயா?"

"பின்ன? முட்டுற ஆட்டை வேற யாரு வாங்குவா? அதோட பள்ளிக்கூடத்துல இனிமே எந்தப் பிராணியும் கிடையாதுங்கறாங்க. நான் பாத்து வாங்கின ஆடுங்க. எனக்குப் புரியவே இல்ல. எப்படி முட்டும்?"

"ஆடுன்னா முட்டத்தான் செய்யும்" என்றார் வெல்டர், ரொட்டியைப் பார்த்துக்கொண்டு.

"ஏட்டு முட்டலையே? ஒரே தாய், ஒரே தீனி, ஒரே வேலி. இது மட்டும் ஏன்?"

அக்கா மெஷினில் உட்கார்ந்து நூல் கோக்க ஆரம்பித்தார். ஊசிக் காது கிடைக்காத மாதிரி ரொம்ப நேரம் கோத்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், "ரெண்டும் எல்லா நாளும் ஒண்ணாவா இருந்துச்சு?" என்றார்.

டீச்சர் டீக் கிளாசைக் கீழே வைத்தார். வெல்டர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் டீச்சர் பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே பள்ளிக்குப் போனார். வேலிக்குள் நுழைந்து நின்றார். இரண்டும் வந்து பையை முகர்ந்தன. விரித்த கையை ஏட்டுவின் முகத்துக்கு நேரே காட்டினார். அது ஒன்றுமில்லை என்று புரிந்துகொண்டு நகர்ந்து போனது. இன்ஸ்பெக்டருக்குக் காட்டினார். அதன் தலை சட்டென்று தாழ்ந்தது. பின்னங்கால்கள் ஊன்றின. வால் சந்தோஷமாக ஆடியது. டீச்சர் ஒதுங்கிக்கொண்டார். கோபத்தில் முட்டுகிற ஆடு வாலை அப்படி ஆட்டாது. இது விளையாடக் கூப்பிடுகிறது. யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் நேரே பட்டறைக்கு வந்தார். வெல்டர் ஒரு கிரில் கேட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியைக் கழட்டுங்க."

"அவசர வேலைம்மா. ஆள் வந்து நிக்கப்போறான்."

"வரட்டும். கையை நீட்டுங்க."

அவர் கையுறையைக் கழற்றி வலது கையை நீட்டினார். டீச்சர் அந்த உள்ளங்கையைப் பார்த்தார். தீப்பொறி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கை.

"இந்தக் கைதானே?"

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சும்மா விளையாட்டுக்கு. பாப்பாகூட விளையாடுவேன்ல, அந்த மாதிரி."

"பாப்பாவுக்குக் கொம்பு முளைச்சுதா?"

"அப்பவே சொன்னேன் நான்" என்று முற்றத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "தலையால அடிச்சுக்கிட்டேன்."

"நீங்களும் என்கிட்ட சொல்லலையே அண்ணி!"

மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

வெல்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீ காலையில போனா சாயந்தரம் வர்ற. பாப்பாவும் இல்ல. வீட்டுக்குள்ள வந்தா அவ ரூம் பூட்டிக் கிடக்கு. இது வேற அம்மான்னு கத்துது. நான் என்னதான் பண்றது, சொல்லு? ஒருநாள் கையை நீட்டினேன். வந்து முட்டுச்சு. எனக்கு அப்படியே..." என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

டீச்சர் திட்டுவதற்கு ஒரு மூட்டை வார்த்தை வைத்திருந்தார். எதையும் எடுக்கவில்லை. அவரும் அந்தப் பூட்டிய அறையைத் தாண்டித்தான் தினமும் அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"கூடப் பிறந்த ரெண்டைப் பிரிச்சு வேற வேற வீட்டுக்கு அனுப்பினது நான்" என்றார் கடைசியில். "கையைக் காட்டுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான். வலையில அது முட்டுனப்போ கவனிக்காததும் நான்தான். சனிக்கிழமை என்கூட வாங்க."

"நான் வந்து என்ன பேசுறது?"

"பேச வேணாம். முட்டு வாங்கினா போதும்."

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. கூட்டத்தை ஆட்டு வேலிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார் டீச்சர். பெரிய டீச்சருக்கு அதில் இஷ்டமில்லை. ஆனாலும் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். மருந்துக்கடைக்காரர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளையின் தாடையில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"பேச ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார் அவர். "உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா முட்டுற ஆட்டை வெச்சுக்கிட்டுப் பிள்ளைங்களை எப்படி அனுப்புறது? நீங்கதானே பொறுப்புன்னு சொன்னீங்க?"

"சொன்னேன் சார். இப்பவும் நான்தான் பொறுப்பு. ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா?"

"நானா?"

"கையை மட்டும் கீழ வெச்சுக்கங்க."

எல்லோரும் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உள்ளே போனார். இன்ஸ்பெக்டர் வந்து அவர் வேட்டியை முகர்ந்தது, செருப்பை முகர்ந்தது, சட்டைப் பையிலிருந்த பேனாவை லாகவமாக எடுத்துக்கொண்டது. கூட்டம் சிரித்தது. அவரும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி வெளியே வந்தார்.

"இப்போ இவர்" என்றார் டீச்சர். "என் வீட்டுக்காரர். லீவுல ஆட்டைப் பாத்துக்கிட்டவர்."

வெல்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். உள்ளே போய்க் கையை நீட்டினார். முட்டு என்று சொல்லக்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் பின்வாங்கியது, வாலை ஆட்டியது, ஒரே பாய்ச்சலில் வந்து மோதியது. வெல்டர் பழைய ஞாபகத்தில் மல்லாக்க விழுந்தார். பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது அவருக்கு ஞாபகமில்லை. இடுப்பு வரை தொட்டிக்குள் போய்விட்டார். கூட்டத்தில் ஒருத்தருக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

"பாத்தீங்களா? கையைக் காட்டினா முட்டணும்னு எங்க வீட்டுல பழகிருக்கு. அது நல்லதுன்னு நெனச்சுத்தான் செய்யுது. பிள்ளைங்களைக் கையைக் காட்டச் சொல்லி நான் இங்க பழக்கியிருக்கேன்" என்றார் டீச்சர். "ஆட்டு மேல தப்பு இல்ல."

அப்போதுதான் அந்தப் பிள்ளை பேசியது. தையல் வலித்ததால் வாயைச் சரியாகத் திறக்காமல் பேசியது.

"அப்போ நான் தப்பாப் பண்ணலையா டீச்சர்?"

சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று. முந்தைய நாட்களில் எல்லோரும் அந்தப் பிள்ளையிடம் நீ என்ன பண்ணினாய், நீ ஏன் கிட்டே போனாய் என்றுதான் கேட்டிருந்தார்கள். டீச்சர் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இல்லடா கண்ணு. நான் சொல்லிக் கொடுத்தபடியே நீ சரியாப் பண்ணின. தப்புப் பண்ணினது பெரியவங்க நாங்க. ரெண்டு பேரும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறோம்."

சொட்டச் சொட்ட நின்ற வெல்டரும் தலையை ஆட்டினார். பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் வலிக்குதா மாமா?" என்று கேட்டது. வலிக்கிறது என்றார். அதற்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "சரிங்க. பழக்கினதை மறக்க வைக்க முடியுமா?"

"முடியும். பழக்கினவர்தான் மறக்க வைக்கணும்."

"அரைப்பரீட்சை வரைக்கும் பாப்போம். அதுவரைக்கும் ஒரு பிள்ளை உள்ள போகக்கூடாது. அப்பவும் முட்டுச்சுன்னா நீங்களே ஓட்டிட்டுப் போயிடுங்க."

"சரி சார்" என்றார் டீச்சர், யோசிக்காமல்.

அன்றிலிருந்து வெல்டர் பட்டறையைத் திறப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போனார். டீச்சர் சொல்லிக் கொடுத்தது இதுதான்: கையை நீட்ட வேண்டும், முட்டினால் விழக்கூடாது, சிரிக்கக்கூடாது, திட்டக்கூடாது, தொடக்கூடாது, ஒன்றுமே நடக்காத மாதிரி முதுகைக் காட்டி வெளியே வந்துவிட வேண்டும். முட்டாமல் நின்றால் மட்டும் ஒரு கொத்துத் தழை.

"இவ்வளவுதானா?" என்று கிளம்பினார். திரும்பி வந்தபோது நொண்டிக்கொண்டே வந்தார். ஏன் இவர் விழவில்லை என்று இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. சரியாக முட்டவில்லை போலும் என்று நினைத்து இன்னும் பலமாக முட்டியது. தொடை கன்றிப்போனது. அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்.

"வலி பரவால்லக்கா. முட்டிட்டு என் மூஞ்சியையே பாக்குது. சிரிக்க மாட்டானான்னு பாக்குது. மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்கிட்டு வர்றேன் பாரு, அதுதான் முடியல."

"ஒருதடவை சிரிச்சாலும் போச்சு" என்றார் டீச்சர் தாள் திருத்தியபடியே. "முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"தெரியும்மா, தெரியும்."

ஒருநாளும் அவர் போகாமல் இருந்ததில்லை. மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு போனார். காய்ச்சலோடும் போனார். மெல்ல மெல்ல முட்டுகிற வேகம் குறைந்தது. பிறகு கொம்பு கையில் சும்மா பட்டது. பிறகு தலையைத் தாழ்த்தி, யோசித்து, நிறுத்தியது. அரைப்பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு காலையில், மருந்துக்கடைக்காரரும் பெரிய டீச்சரும் பார்த்துக்கொண்டிருக்க, வெல்டர் கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு திரும்பி ஏட்டுவிடம் போய்ப் படுத்து அசைபோட ஆரம்பித்தது.

மருந்துக்கடைக்காரர் மகள் உள்ளே போனாள். தாடையில் மெல்லிய கோடாகத் தழும்பு மட்டும் இருந்தது. தழை கொடுத்தாள். கையை விரித்து, "தீந்துபோச்சு" என்றாள். இரண்டு ஆடுகளும் சரிதான் என்று விலகிப் போயின. டீச்சர் பெரிய டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். ஜெயித்தால் காட்டிக்கொள்ளாமல் இருக்கிற குணம் அவருக்குக் கிடையாது.

அன்று சாயந்தரம் டீச்சர் முட்டையும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு உற்சாகமாக வந்தார். பட்டறை சாத்தியிருந்தது. வெல்டர் முற்றத்தில், குட்டியைக் கட்டிவைத்திருந்த இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஜெயிச்சாச்சு. ஆடு தங்கியாச்சு. அப்புறம் என்ன?"

"ஜெயிச்சாச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அது என்னைப் பாத்துச்சு டீச்சர். யாரோ ஒரு ஆளைப் பாக்குற மாதிரி பாத்துட்டுப் போயிடுச்சு" என்றார்.

"அதுதானே நமக்கு வேணும்?"

"அதுதான் வேணும். நான் இல்லேங்கல." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாப்பாவும் போன் பண்ணினா அப்புறம் பேசறேன்ப்பான்னு வெச்சுடுது. நல்லாப் படிக்குது, நல்லா இருக்கு. அதுவும் நமக்கு வேணும்தான்."

டீச்சர் பையைக் கீழே வைத்தார். புடவையை ஒதுக்கிக்கொண்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா."

வெல்டர் உள்ளங்கையை நீட்டினார். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் வைத்தார். தலையைக் குனிந்து நெற்றியால் அந்தக் கையில் ஒரு முட்டு முட்டினார். எதையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. வெல்டரின் கை போய்ச் சுவரில் இடித்தது. அவர் ஒரு கணம் திகைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே பக்கவாட்டில் சரிந்து மல்லாக்க விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மெஷினிலிருந்து தலையைத் தூக்கி அக்கா பார்த்தார்.

"சரியாப்போச்சு. இனிமே இவளுக்கு மறக்க வைக்க யாரைடா கூட்டிட்டு வர்றது?"

வெல்டர் எழுந்து உட்கார்ந்து மறுபடியும் கையை நீட்டினார். டீச்சர் முட்டினார்.